துணியை வார்க்காதீர்கள், கம்பியைப் பின்னுங்கள்
நகை வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,

உங்கள் இறுதியாண்டுக் கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து வருகிறவன் நான். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அங்கே ஒரு மேசை நிச்சயம் இருக்கும். காஞ்சிபுரத்துக் கரை, செட்டிநாட்டுக் கட்டம், சுங்குடிப் புள்ளி, லேஸ் என்று ஏதோ ஒரு துணியின் பெயரைச் சொல்லி, அதன் உருவை வெள்ளியில் வார்த்து வைத்திருப்பீர்கள். கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பி வாங்கிய வேலை. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. கையில் எடுத்தால்தான் குறை தெரிகிறது. துணியின் படம் அதில் இருக்கிறது, துணி இல்லை. அது மடியாது, தொங்காது. தோள் சரிகிற இடத்தில் தானும் சேர்ந்து சரியாது. கழுத்தில் போட்டால் ஒரு தகடு போல விறைத்துக்கொண்டு நிற்கும்.

குறை உங்கள் கைத்திறனில் இல்லை. துணியிடமிருந்து எதை வாங்கிக்கொள்வது என்பதில்தான் தடம் மாறிவிடுகிறீர்கள். துணியின் மேல் இருக்கும் பூவேலையை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தத் துணி உருவாகும் முறையை விட்டுவிடுகிறீர்கள். முறையை எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியிருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆர்லைன் ஃபிஷ் 1931இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஸ்கிட்மோர் கல்லூரியில் கலை படித்து 1952இல் பட்டம் பெற்றார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். 1956இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் டென்மார்க் போய், கோபன்ஹேகனில் வெள்ளி வேலை பழகினார். டென்மார்க்கின் நவீன வெள்ளி வேலை அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மழமழப்பான பரப்பு, தேவையற்ற ஒரு கோடுகூட இல்லாத வடிவம் என்பது அதன் இலக்கணம். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டு திரும்பியவர், 1961இல் சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் நகை, உலோக வேலைப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்தக் கல்லூரியில் 2000ஆம் ஆண்டு வரை கற்பித்தார். வட அமெரிக்கப் பொற்கொல்லர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; பிறகு அதன் தலைவராகவும் இருந்தார். 2001இல் அமெரிக்கக் கைவினை மன்றம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 2024இல் காலமானார்.

இவ்வளவும் ஒரு நல்ல பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்புதான். நமக்கு வேண்டியது அவருடைய பட்டறையில் நடந்தது. கம்பியை நூலாக நடத்தினால் என்ன ஆகும் என்று அவர் ஒவ்வொரு முறையாகப் பரிசோதித்துப் பார்த்தார். நெய்தார், பின்னினார், குரோஷா போட்டார், சடை போட்டார், கூடை முடையும் விதத்தில் முடைந்தார், லேஸ் பின்னும் கட்டைகளில் கம்பியைச் சுற்றி லேஸும் போட்டார். கண்டுபிடித்ததை 1975இல் புத்தகமாக வெளியிட்டார். உலோகத்தில் துணி நுட்பங்கள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நகைக்காரர்கள், சிற்பிகள், துணிக் கலைஞர்கள் ஆகிய மூன்று தரப்பையும் அட்டையிலேயே பெயர் சொல்லி அழைத்த புத்தகம் அது. 1996இல் திருத்திய பதிப்பு வந்தது. தன் வேலைகளோடு மற்றவர்களின் வேலைகளையும் அதில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கும்படி படிப்படியாக விளக்கியிருந்தார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் தொழில் ரகசியங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களான நமக்கு, இந்தத் தாராளமே ஒரு பாடம்.

இனி பட்டறை விஷயத்துக்கு வருவோம். கம்பியைப் பின்னுவதில் என்ன சிக்கல்? நூலைப் பத்து முறை பின்னிப் பிரித்தாலும் அது நூலாகவே இருக்கும். உலோகம் அப்படியில்லை. ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் அது இறுகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் வளைத்தால் முறியும். நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். ஆனால் பாதி பின்னிய வேலையை நெருப்பில் காட்டினால் மெல்லிய கம்பி நொடியில் உருகி உருண்டைகளாகிவிடும் அபாயம் உண்டு. ஆகவே கண்ணி தப்பினால் பிரித்துப் போடுகிற சலுகை கம்பியில் மிகக் குறைவு. கை போகும் முன்பே மனம் அடுத்த வரிசைக்குப் போயிருக்க வேண்டும்.

இதனால்தான் இந்த வேலைக்கு 925 வெள்ளியைவிடச் சுத்த வெள்ளி ஏற்றது. 925இல் கலந்திருக்கும் செம்பு அதற்கு உறுதி தருகிறது. அதே செம்பு நெருப்பில் கறுக்கவும் செய்கிறது. சுத்த வெள்ளி மென்மையானது, சொன்னபடி கேட்கும், சூட்டில் கறுக்காது. சாதாரண நகைக்கு இந்த மென்மை ஒரு குறை. பின்னலில் அப்படியல்ல, ஒரு கண்ணியை இன்னொரு கண்ணி தாங்குவதால் மென்மையான கம்பியும் சேர்ந்து உறுதியான பரப்பாகிவிடுகிறது. ஃபிஷ் சுத்த வெள்ளியோடு, வண்ணப் பூச்சுள்ள மெல்லிய செம்புக் கம்பியையும் நிறையப் பயன்படுத்தினார். மின்சுருள் சுற்றப் பயன்படும் வகைக் கம்பி அது. சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறமும் கிடைத்தது, விலையும் மலிவு.

துணிக்கும் கம்பிப் பின்னலுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. கம்பளி ஸ்வெட்டரை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். கம்பிப் பின்னலை இழுத்தால் இழுத்தபடியே நிற்கும். நூலுக்கு இருக்கும் மீள்தன்மை இதற்கு இல்லை. ஆனால் நூலால் முடியாத ஒன்று இதனால் முடியும்: கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கஞ்சி போடாமலே ஃபிரில் நிமிர்ந்து நிற்கும். லைனிங் இல்லாமலே காலர் விரிந்து நிற்கும். ஃபிஷ் செய்த காலர்களின் அடிப்படை இதுதான். கழுத்தைச் சுற்றி அலை அலையாக விரியும் அந்தக் காலர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் மெல்லிய துணி என்றுதான் தோன்றும். கையாலும் பின்னினார், வீட்டுப் பின்னல் இயந்திரத்தில் கம்பியை ஓட்டியும் பின்னினார். மரக் கட்டையில் நான்கைந்து ஆணி அடித்து, நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்துக் குழாய் போலப் பின்னும் சிறுவர் விளையாட்டையும் அவர் ஒரு நகை நுட்பமாக்கினார்.

அவருடைய வேலையில் தையற்காரரின் கணக்கும் இருக்கிறது. ஒரு பிளவுஸ் தைப்பவருக்கு உடம்பு தட்டையான பரப்பில்லை என்பது தெரியும். மார்பில் டார்ட் பிடிக்க வேண்டும், தோளில் சாய்வு விட வேண்டும், முதுகில் அளவு மாறும். பின்னலில் இதைக் கத்தரிக்கோல் இல்லாமலே செய்யலாம். ஒரு வரிசையில் கண்ணிகளைக் கூட்டினால் பரப்பு விரியும், குறைத்தால் குவியும். நாம் நகையை அநேகமாக உடம்பில் ஏதோ ஓர் இடத்தில் மாட்டுகிறோம்: காதில், மூக்கில், விரலில். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஃபிஷ் செய்த உடல் அணிகளோ உடம்பின் மேல் ஆடையைப் போலப் படர்ந்தன. மார்பிலும் முதுகிலும் சேர்ந்து விழும் வெள்ளி அணிகள் அவை. அவற்றை அணிந்தவர் நடக்கும்போது எந்த இடம் மடங்கும், எந்த இடம் தொங்கும் என்று ஒரு தையற்காரர் யோசிப்பதுபோல யோசிக்காமல் அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது.

அதே பின்னலை உடம்பிலிருந்து கழற்றி அந்தரத்திலும் தொங்கவிட்டார். 2008இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசின் கலை அருங்காட்சியகத்தில் அவர் காட்சிக்கு வைத்தவை, வண்ணச் செம்புக் கம்பியில் பின்னிய பெரிய ஜெல்லி மீன்கள். எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு காலருக்குக் கண்டுபிடித்த நுட்பத்தைக் கடல் உயிரினத்துக்குக் கொண்டுபோனார். முறையைக் கற்றவருக்கு இந்த விரிவு கிடைக்கும். பூவேலையை நகலெடுத்தவருக்கு அடுத்த ஆண்டு இன்னொரு பூவேலைதான் தேவைப்படும்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. 1943இல் ஓஹாயோவில் பிறந்த மேரி லீ ஹூ, கூடை முடையும் முறையில் மெல்லிய தங்கக் கம்பியை முறுக்கி முடைந்து காப்புகளும் கழுத்தணிகளும் செய்தார். அவர் வேலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு முடைச்சலும் எண்ணும்படி தெரியும். இங்கிலாந்தில் 1950இல் பிறந்த கரோலின் பிராட்ஹெட் போன பாதை வேறு. நகைக்காரராகத் தொடங்கி, நைலான் இழையைக் கையிலெடுத்தார். 1983இல் அவர் செய்த கழுத்தணி கழுத்தில் சுருங்கிக் கிடக்கும். மேலே இழுத்தால் முகத்தை மூடும் திரையாகிவிடும். பிறகு ஆடைகளையே படைப்பாகச் செய்யத் தொடங்கி, 1997இல் துணிக் கலைக்கான ஜெர்வுட் பரிசைப் பெற்றார். நெதர்லாந்தின் ஃபெலீகே வான் டெர் லீஸ்ட், குரோஷா நூல் வேலையையும் தங்க வேலையையும் பிளாஸ்டிக் பொம்மை மிருகங்களையும் சேர்த்துச் சிரிக்க வைக்கும் நகைகள் செய்கிறார். நால்வரும் நான்கு விதம். ஆனால் நால்வரில் ஒருவரும் துணியின் படத்தை உலோகத்தில் அச்சடிக்கவில்லை.

பெரிய நகைக் கடைகளின் வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. பாரிஸின் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் 1938இல் ஜிப் வடிவக் கழுத்தணிக்குக் காப்புரிமை வாங்கியது. முதல் நகை முழுமையாகி வெளிவந்தது 1950இல். ஏன் அத்தனை ஆண்டு? ஜிப்பின் உருவத்தைச் செய்வது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அவர்கள் செய்தது உண்மையிலேயே ஏறி இறங்கும் ஜிப். திறந்து கழுத்தில் போடலாம், மூடிக் கையில் காப்பாகக் கட்டலாம். பொறி வேலை செய்ய வேண்டும் என்ற பிடிவாதம்தான் அதை இன்றைக்கும் பேசவைக்கிறது.

இதையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ட்ரூவிடில் என்ற இடத்தில் 1774இல் தகரம் தேடித் தோண்டியவர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பொருள்கள். அதில் வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்னிச் செய்த ஒரு சாட்டையும் இருந்தது. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பின்னலைத் தொல்லியலாளர்கள் திருச்சிராப்பள்ளி வேலை என்று குறிப்பிடுகிறார்கள். சாட்டை திருச்சியிலிருந்து போனதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சித் தட்டார்கள் கம்பியில் பின்னிய நுண்சங்கிலிகளை வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அந்தப் பழக்கத்தில், மண்ணுக்கடியில் கிடைத்த பழைய வேலைக்கும் அறிஞர்கள் அதே ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள். ஒற்றைக் கம்பியை ஒரு கோலைச் சுற்றிக் கண்ணிகளாகப் பின்னி, கிடைத்த குழாயைத் துளை வழியே இழுத்துச் சீராக்குவது அந்த முறை. அதை இணையத்தில் தேடிக் கற்கும் அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் நிறையப் பேர். உங்களில் எத்தனை பேர் அதைக் கையால் செய்து பார்த்திருக்கிறீர்கள்?

காஞ்சிபுரத்துக் கரையை வார்ப்பில் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அசல் ஜரிகையே உலோகம்தான். வெள்ளியை மயிரிழையாக இழுத்து, தட்டி நாடாவாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றி, தங்க முலாம் ஏற்றுகிறார்கள். தறியின் இழுப்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் பட்டு. உலோகம் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது. கம்பியை மட்டும் வைத்து நெய்யும் கலைஞர் அந்தப் பட்டை உருவிவிடுகிறார். அப்போது தாங்கும் வேலையும் கம்பியின் தலையில் விழுகிறது. பாவு எந்தத் தடிமனில், ஊடை எந்தத் தடிமனில், எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விகள் எல்லாம் புதிதாக எழுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து நகை செய்யப் புறப்படுபவர் முதலில் நிற்க வேண்டிய இடம் இந்தக் கேள்விகள். அன்னமும் யாளியும் அதற்கப்புறம் வரட்டும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். நம் கடைகளில் நகைக்கு விலை எடையில் தொடங்குகிறது. அதன்மேல் செய்கூலி, சேதாரம். வாங்குபவர் முதலில் பேரம் பேசுவது அந்த இரண்டில்தான். உழைப்புக்குரிய காசை வீண் செலவாகப் பார்க்கப் பழகிவிட்டோம். இந்தக் கணக்கில் பின்னல் நகை எங்கே நிற்கும்? கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள சுத்த வெள்ளிக் கம்பி மீட்டருக்குச் சுமார் அரை கிராம்தான். பத்து கிராம் வெள்ளியை வார்த்தால் ஒரு கன சென்டிமீட்டர்கூட வராது; ஒரு சின்ன டாலருக்குச் சரியாக இருக்கும். அதே பத்து கிராமைக் கம்பியாக இழுத்தால் ஏறத்தாழ 20 மீட்டர். ஒரு கண்ணிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,300 கண்ணிகளுக்கு வரும். அகலமான ஒரு கைப்பட்டைக்கு அது போதும். உலோகம் பத்து கிராம்தான். மீதி முழுக்க உங்கள் நேரம். எடை பார்த்து விலை சொல்லும் தராசில் இந்த வேலை தோற்றுப்போகும். ஆனால் தங்கம் விற்கும் விலையில், குறைந்த உலோகத்தில் பெரிய வடிவம் செய்யத் தெரிந்தவருக்குத்தான் இனிமேல் இடம் இருக்கிறது என்பதும் உண்மை.

நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு யார் இதை வாங்குவார்கள் என்பீர்கள். நியாயம்தான். கல்யாண நகை நம் வீடுகளில் சேமிப்பு; அடகுக்கும் போகும், உருக்கவும் படும். அந்தச் சந்தையில் பின்னல் நகையை விற்க முயல வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் சம்பளத்தில் வெள்ளியும் செம்பும் பித்தளையுமாக வாங்கி அணியும் சந்தை தனியே வளர்ந்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார். அடுத்த மறுப்பு, கம்பி புடவையில் மாட்டி இழுக்கும் என்பது. மாட்டத்தான் செய்யும், ஓரத்தை ஒழுங்காக முடிக்காவிட்டால். துணி வெட்டியபடியே விட்டால் நூல் பிரியும் என்று தையற்காரர் ஓரம் மடித்து அடிக்கிறார். கம்பிப் பின்னலுக்கும் ஓரம் உண்டு. முனைகளை உள்ளே செருகி, சற்றுத் தடித்த கம்பியை விளிம்பாகக் கொடுத்து, அதையும் பின்னலோடு கட்டி முடிக்க வேண்டும். பலருடைய முதல் முயற்சி கெட்டுப்போவது நடுப்பகுதியில் இல்லை, இந்த ஓரத்தில்தான்.

மூன்றாவது மறுப்பு, கணினி வடிவமைப்பை எதிர்க்கிறேனா என்பது. இல்லை. வளையம் கோத்த கவசச் சட்டை போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையும் துண்டுகளைக் கணினியில் வடிவமைத்து முப்பரிமாண அச்சில் எடுப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களும் துணியின் அசைவைத்தான் தேடுகிறார்கள். கருவி எதுவானாலும் சரி. செய்து முடித்ததைக் கையில் ஏந்தினால் விரலிடுக்கில் வழிகிறதா என்று பாருங்கள்.

உங்களிடம் கேட்பது மூன்று. முதலாவது, அடுத்த பருவத்தில் ஏதாவது ஒரு தையற்கடையில் சில வாரம் உட்காருங்கள். வெட்டக் கற்காவிட்டாலும் பரவாயில்லை. டார்ட் ஏன் அங்கே விழுகிறது, கொசுவம் ஏன் அப்படிப் படிகிறது, காஜா ஏன் அந்தப் பக்கம் என்று கேளுங்கள். குரோஷா தெரிந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குத் தெரிந்த கண்ணிக் கணக்கு உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இரண்டாவது, வெள்ளியைத் தொடுமுன் மலிவான செம்புக் கம்பியில் ஒரு சாண் அகலத்துக்குப் பின்னிப் பாருங்கள். எந்த இடத்தில் கம்பி இறுகுகிறது, எத்தனையாவது வளைவில் முறிகிறது என்பதை விரல்தான் சொல்லித்தரும்.

மூன்றாவது உங்கள் ஆசிரியர்களும் கேட்கவேண்டியது. கண்காட்சி அட்டையில் இன்ன துணியால் ஈர்க்கப்பட்ட படைப்பு என்று எழுதுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, எந்த முறையில் செய்தது, எத்தனை கிராம், எத்தனை மணி நேரம் என்று மூன்று வரி எழுதுங்கள். செய்கூலியை மறைக்காமல் அட்டையில் முதலில் போடும் பழக்கத்தை நீங்கள் தொடங்கினால்தான், வாங்குபவர் அதைக் கழிவாகப் பார்க்கும் பழக்கம் மாறும். பத்து கிராம், நாற்பது மணி நேரம் என்று படித்துவிட்டும் விலை கேட்கிறாரே, அவருக்காக நகை செய்யுங்கள். எடையை மட்டும் கேட்பவருக்குக் கடைவீதி முழுக்கத் தராசுகள் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் கண்காட்சிகளின் பார்வையாளன்